கிணற்றுத் தண்ணீரில் மறைந்த சிவப்புப் புள்ளி

ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. அரசாங்க சேவையில் இருக்கும் பெண் கல்யாணத்தின் பேரில் ஓய்வு பெறலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த விதிப்படிதான் போன மாதம் கையெழுத்து வைத்துவிட்டு, பட்டினத்து மேடான ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் மலேரியா ஆய்வுகூடத்தை விட்டு வந்தேன். வவுனியாவில் படிப்பிக்கும் ஒருவரை மணந்து அங்கே குடிபோகிறேன்.

கடைசி வாரம் பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பெண்களும் என்னை விடவில்லை.

"மிஸ், வாயால சொன்னதை ஒருக்கா எழுதித் தந்திட்டுப் போங்கோ."

"எதையப்பா?"

"அந்தப் பழுதான ஸ்லைட்டின்ர கதையை. நாளைக்கு வேற ஆக்கள் வந்து கேட்டால் நாங்கள் பிழையாச் சொல்லிப் போடுவம்."

அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கதை என்னுடையது. பிழையும் என்னுடையது. அதனால் வேறு ஆரும் எழுத ஏலாது.

எங்கள் வீடு நிலாவெளியில். அப்பா கரைவலை இழுப்பவர்களில் ஒருவர். மாதா கோயில் விவாகப் பதிவேட்டில் அப்பாவும் அம்மாவும் வைத்த இரண்டு பெருவிரல் அடையாளங்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்து வைக்கப்பட்ட முதல் கையெழுத்து என்னுடையது. கரையோரப் பஸ்ஸில் பட்டினத்துக்கு வந்து, கன்னியாஸ்திரிகளிடம் விஞ்ஞானம் படித்தேன். நியமனக் கடிதம் வந்த அன்று தபால்காரர் வழக்கம்போல, "வாசிச்சுக் காட்டட்டோ?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கடிதத்தைப் பறித்து என்னிடம் தந்துவிட்டு, "இந்த வீட்டில இப்ப ஆள் இருக்கு" என்றார்.

பயிற்சி கொழும்பில் மூன்று மாதம். இருபத்திரண்டு பேர் இருந்தோம். இரத்தத் துளியை ஸ்லைட் என்ற கண்ணாடித் தகட்டில் எப்படிப் பரப்புவது, சாயத்தில் எவ்வளவு நேரம் வைப்பது, நுணுக்குக்காட்டியில் எதைத் தேடுவது என்றெல்லாம் படித்தோம். மலேரியா ஒட்டுண்ணி இரத்தத்தில் இளம் பருவத்தில் ஒரு சின்ன மோதிரம் போலத் தெரியும். மோதிரம் வெளிர்நீலம். அதில் பதித்த கல்லைப் போல ஒரு புள்ளி இருக்கும், அது சிவப்பு. நீல மோதிரம், சிவப்புக் கல். இந்த இரண்டு நிறத்தையும் நான் கனவிலும் கண்டேன். முடிவுச் சோதனையில் ஐம்பது ஸ்லைட் தந்தார்கள். ஐம்பதும் சரி. வகுப்பில் நான் முதலாவது. இதை எழுதும்போது எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தை நான் உழைத்துத்தான் எடுத்தேன்.

நிலாவெளிக் கரையில் அப்பா வலை மடித்துக்கொண்டே அதைப் பரப்பினார்.

"என்ர மகள் பேனிலும் சின்னனைப் பிடிப்பாள், தெரியுமோ?"

"அப்ப எங்கட வலைக்குத் தப்பிற கூனி இறாலையும் பிடிச்சுத் தரச் சொல்லன்" என்று பக்கத்தில் நின்றவர் சொல்ல, கரை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அடுத்த நாளும் அதையே சொன்னார்.

ஆய்வுகூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகை வீடு ஒன்றின் முன்னறை. இரண்டு நுணுக்குக்காட்டி, இரண்டு மேசை, நாலு கதிரை, ஓர் அலுமாரி. குசினியில் சாயம் போடுவோம். பின்னால் கிணறு. காலையில் மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கங்களிலிருந்து வெளிக்கள உத்தியோகத்தர்கள் எடுத்த இரத்த ஸ்லைட்டுகள் தகரப் பெட்டிகளில் வந்து சேரும். மத்தியானத்துக்குள் சாயம் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். மூடாமல் காயவைத்தால் இலையான் பறந்து வந்து மொய்த்து இரத்தத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். கொழும்பில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பொறுப்பாளர் இராசையா சேர். நாற்பது வயது தாண்டியவர். எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்ல. ஸ்லைட் கழுவும் வேலைக்கு வந்து, மற்றவர்கள் பார்ப்பதைப் பார்த்துப் பார்த்தே பழகி மேலே வந்தவர். அவர் ஒருநாளும் "பிழை" என்று சொன்னதில்லை. நீங்கள் பார்த்து எழுதிய ஸ்லைட்டைத் தானும் பார்ப்பார். பிறகு அதைத் தட்டில் வைத்து, மேலே தன் பென்சிலை வைப்பார். பென்சிலின் கூர் சுவரைப் பார்த்தால் சரி. கூர் உங்களைப் பார்த்தால், திரும்பப் பாருங்கள் என்று அர்த்தம்.

ஒரு ஸ்லைட்டில் ஒட்டுண்ணி இல்லை என்று எழுதுவதற்கு முன் நூறு இடம் பார்க்க வேண்டும். ஓர் இடம் என்பது ஒரு தரம் கண்ணுக்குத் தெரியும் வட்டம். சேர் இரண்டு பால்மாத் தகரங்கள் வைத்திருந்தார். ஒன்றில் நூறு புளியங்கொட்டை. ஒவ்வொரு வட்டம் பார்த்ததும் ஒரு கொட்டை மற்றத் தகரத்துக்குப் போகும். முதல்நாள் எனக்கும் இரண்டு தகரம் தந்தார்.

"எங்களுக்கு மனதால எண்ணத்தான் பழக்கினவை, சேர்" என்றேன்.

"கொட்டை ஓடாட்டில் கண் ஓடும், பிள்ளை."

நான் தகரங்களை அலுமாரிக்குள் வைத்தேன்.

எங்கள் வேலையைச் சரிபார்க்க ஒரு முறை இருந்தது. நாங்கள் பார்த்து முடித்த ஸ்லைட்டுகளில் ஒரு பகுதியைத் தலைமை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். அங்கே வருடக்கணக்காகப் பழகியவர்கள் திரும்பப் பார்த்து, மாதம் ஒருமுறை நீள உறையில் பதில் வரும். புதிதாக வந்தவர் மூன்று மாதம் தொடர்ந்து தவறவிட்டால் நியமனம் உறுதியாகாது. திரும்பப் பயிற்சி, இல்லையேல் வீடு.

முதல் மாத உறையில் எனக்கு இரண்டு பிழை. 'இல்லை' என்று நான் எழுதிய இரண்டு பேருக்கு மலேரியா இருந்தது. புதுசு தானே என்று மனதைத் தேற்றினேன்.

இரண்டாம் மாத உறையில் நாலு.

சேர் உறையை வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "கொழும்பில முதலாம் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். குரலில் கிண்டல் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது இருந்திருந்தால் நான் கோபித்திருப்பேன், கோபம் எனக்கு உதவியிருக்கும்.

இங்கே பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகப் படித்தவளுக்கு வேலை பிழைத்தால் அவள் படிப்பைச் சந்தேகிப்பதில்லை, தன்னைத்தான் சந்தேகிக்கிறாள். என் கண் பழுதோ என்று பயந்தேன். பட்டினத்தில் கண் சோதித்தேன். கண் நல்லாக இருந்தது. மற்ற நுணுக்குக்காட்டியில் இருந்து பார்த்தேன். நூறு இடத்துக்குப் பதிலாக இருநூறு இடம் பார்த்தேன். மற்றவர்கள் போன பிறகும் இருந்து பார்த்தேன். அலுமாரிக்குள் வைத்த புளியங்கொட்டைத் தகரங்களைக்கூட வெளியே எடுத்தேன். சேர் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார்.

பிறகு பயம் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கியது. தவறவிடக் கூடாது என்ற வெறியில், சாயத் தூசியையும் ஒட்டுண்ணி என்று எழுதினேன். அந்த ஸ்லைட்டுகளின் மேல் பென்சிலின் கூர் என்னைப் பார்த்தது. இருந்ததை இல்லை என்றவள் இப்போது இல்லாததை இருக்கு என்றாள். ஆனால் சேருக்கோ அதே ஸ்லைட்டுகளில் எல்லாம் தெரிந்தது. "இஞ்ச கிடக்கு" என்று காட்டுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "தெரியுது தானே" என்பார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. சொல்லி ஆரும் அவருக்குப் பழக்கவில்லையே.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கரையில் என் புகழ் பாடிக்கொண்டிருந்தார். பெட்டியோடு நான் திரும்பி வந்தால் அந்தக் கரையில் அவர் எப்படி நிற்பார் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நினைப்பேன்.

மூன்றாம் மாதத்தின் நடுவில் ஹனீபா நானா வந்தார். மூதூர்ப் பக்கத்து வெளிக்கள உத்தியோகத்தர் அவர். காலை லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து ஸ்லைட் பெட்டியோடு வருவார், பிற்பகல் லோஞ்சில் திரும்புவார். எந்நேரமும் பகிடி விடுகிற மனிதர். அன்று பகிடி இல்லை.

"தங்கச்சி, ஆமினா எண்ட பிள்ளையிட ஸ்லைட்டை ரெண்டு தரம் கொண்டு வந்தனான். ரெண்டு தரமும் நீங்க இல்லையெண்டு எழுதினீங்க."

"ஓம் நானா. நல்லாப் பார்த்துத்தான் எழுதினனான்."

"காய்ச்சல் விடுகுதில்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்கி விழுகுது. வயித்தில ஏழு மாசம். புருசன் வயலுக்கும் போகாமக் குந்திட்டு இரிக்கான்."

அந்தக் காலத்து முறை இது: காய்ச்சல் என்று வந்தவருக்கு முதலில் ஒரே ஒரு தரம் குளிசை கொடுப்போம். இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று நாங்கள் எழுதினால்தான் முழு மருந்தும் போகும். நான் எழுதிய 'இல்லை' என்ற சொல் ஆமினாவுக்கும் முழு மருந்துக்கும் நடுவில் நின்றது.

"மூண்டாந்தரம் எடுத்து வந்திரிக்கன்" என்று பெட்டியைத் திறந்தார். "நான் எப்பவும் ரெண்டு ரெண்டா எடுப்பன். லோஞ்சு ஆடினா ஒண்டு உடைஞ்சு போகும். இந்தா, இண்டைக்கு ரெண்டும் முழுசா வந்திரிக்கி."

ஒன்றை எடுத்துச் சாயம் போட்டேன். அரை மணித்தியாலம் வைத்து, கழுவி, காயவைத்து, எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்தேன். நூறு கொட்டையும் ஒரு தகரத்திலிருந்து மற்றத் தகரத்துக்குப் போனது. திரும்ப இந்தத் தகரத்துக்கு வந்தது. எங்கும் நீலம். மங்கலான, சாம்பல் கலந்த நீலம். என் சிவப்புக் கல்லை எங்கும் காணவில்லை. சேர் அன்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. நேர்மையாக எழுத வேண்டுமே என்று லேபிளில் பென்சிலால் 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தான 'பி' யைப் போட்டேன். பிலோமினாவின் பி.

ஹனீபா நானா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார்.

அந்த நேரத்தில் குசினியிலிருந்து கனகம்மா அக்கா அடுத்த தட்டைக் கொண்டு வந்து வைத்தார். ஸ்லைட் கழுவுவதும் தண்ணீர் அள்ளுவதும் அவர் வேலை. நான் வெறுப்போடு அந்தத் தட்டிலிருந்து கிண்ணியா ஸ்லைட் ஒன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வைத்ததும் கை நின்றுவிட்டது.

அது கொழும்பு ஸ்லைட். அதாவது, கொழும்பில் நான் படித்த ஸ்லைட்டுகளின் நிறம். பின்புறம் தெளிவாக, இரத்தத்தின் வெள்ளைக் குழியங்களின் கரு நல்ல ஊதாவாக, எல்லாம் படம் கீறி வைத்தது போல. இங்கே வந்த நாள் தொடங்கி இந்த நிறத்தை நான் காணவில்லை என்பதே அதைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா! இந்தத் தட்டுக்கு என்ன செய்தனீங்கள்?"

அவர் பயந்துபோனார். "நான் ஒண்டும் செய்யேல்ல, பிள்ளை. வழமை மாதிரித்தான் கழுவினனான்."

"சாயம் புதுசோ?"

"அதே போத்தல்தான்."

"அப்ப வேற என்ன?"

"ஒண்டுமில்லையெண்டிறன். காலமை முதல் தட்டு முடியக் கிணத்துக் கயிறு அறுந்து வாளி உள்ள போட்டுது. அதால பீப்பாவில நிண்ட மழைத்தண்ணியில சாயம் கலக்கினனான். துணியால வடிச்சுத்தான் எடுத்தனான், சேரிட்டச் சொல்லிப் போடாதேங்கோ."

தண்ணீர்!

பயிற்சியில் ஒரு முழுப் பிற்பகல் தண்ணீரைப் பற்றியே படிப்பித்தார்கள். சாயத்தைக் கலக்கும் தண்ணீரில் காரம் கூடினால் எல்லாம் நீலித்துப்போகும், சிவப்பு எழும்பாது என்று கரும்பலகையில் எழுதினார்கள். நான் அதைக் கொப்பியில் எழுதி, சிவப்பு மையால் கோடும் போட்டேன். சோதனையில் அந்தக் கேள்வி வந்தது. முழுப் புள்ளிகளும் எடுத்தேன். ஆனால் அங்கே தண்ணீர் பெரிய கண்ணாடிச் சாடியில், சரியாக்கப்பட்டு, குழாயோடு எங்கள் மேசைக்கு வந்தது. தண்ணீர் கெட்டால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. இங்கே கடலுக்குப் பக்கத்துக் கிணறு. காய்ச்சி வடித்த நீர் கொழும்பிலிருந்து வரும்போது வரும்; நான் வந்த பிறகு ஒருதரமும் வரவில்லை, கிணறுதான். கிணற்றையும் அந்தப் பிற்பகல் பாடத்தையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைக்கவில்லை.

கைப்பையைக் கவிழ்த்தேன். பயிற்சிக் கொப்பிக்குள் நிறம் காட்டும் தாள்கள் ஒரு சின்னப் புத்தகமாக இருந்தன. ஞாபகத்துக்கென்று வைத்திருந்தேன்! ஒரு தாளைக் கிழித்து, காலையில் அள்ளியதில் அடியில் மிஞ்சியிருந்த கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தேன். கடும் பச்சைநீலம், காரத்தின் நிறம். இன்னொன்றை மழைத்தண்ணீரில். மெல்லிய மஞ்சட்பச்சை.

"அக்கா, பீப்பாவில இன்னும் தண்ணி கிடக்கோ?"

"கிடக்கு."

"ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது!"

"ஐயோ பிள்ளை, முகம் கழுவவும் வேண்டாமோ?"

ஆமினாவின் மற்ற ஸ்லைட்டை எடுத்தேன். அதே விரல், அதே நேரம், அதே இரத்தம். மழைத்தண்ணீரில் சாயம் கலக்கி ஊற்றினேன். அரை மணித்தியாலம். பிற்பகல் லோஞ்சுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் இருந்தது. ஹனீபா நானா வாசலில் வந்து நின்று, என்னையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம், தங்கச்சி?"

"சாயம் பிடிக்கவேணும் நானா. அவசரப்பட்டால் இதுவும் பழுதாய்ப் போகும்."

"லோஞ்சு என்ட மச்சான் இல்ல, எனக்காக நிக்க."

கழுவினேன். விசிறியால் காற்று அடித்துக் காயவைத்தேன். எண்ணெய்த் துளி விட்டேன். கண்ணை வைத்தேன்.

மூன்றாவது வட்டத்தில் இருந்தது. வெளிர்நீல மோதிரம், சிவப்புக் கல். பக்கத்தில் இன்னொன்று. அடுத்த வட்டத்தில் நாலு. புளியங்கொட்டை ஒன்றையும் நான் தொடவில்லை. அந்தத் தகட்டில் மோதிரங்கள் நகைக்கடைக் கண்ணாடிக்குள் போலக் கிடந்தன.

"இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் கனகம்மா அக்கா தட்டைக் கீழே போடப் பார்த்தார். ஹனீபா நானாவை இழுத்து வந்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கச் செய்தேன். அவர் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்டும் விளங்கல்ல, தங்கச்சி. நீங்க இரிக்கெண்டா போதும்" என்றார்.

முழு மருந்துக்கான துண்டை எழுதினேன். பக்கத்து அறைக் களஞ்சியத்தில் குளிசை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார். சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓர்ஸ் ஹில் சரிவில் இறங்கி ஓடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. லோஞ்சு அவருடைய மச்சான் இல்லை என்றாலும் அன்று அவருக்காக நின்றிருக்கிறது.

மறுநாள் சேரிடம் சொல்ல வேண்டும். ஆமினாவின் இரண்டு ஸ்லைட்டையும் அவர் முன் வைத்தேன். இரண்டையும் பார்த்தார். கிணற்றுத்தண்ணீர் ஸ்லைட்டில் சிறிது நேரம் தேடிவிட்டு, "இதிலும் கிடக்கு தானே" என்றார். அவருக்குத் தெரிந்தது! அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அவர் வருடக்கணக்காக நீலித்த ஸ்லைட்டிலேயே பழகியவர். நிறத்தைத் தேடவில்லை, உருவத்தைத் தேடினார். நான் நிறத்தில் பழகியவள். நிறம் போனதும் எனக்குக் கண் போய்விட்டது.

"சேர், உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியேல்ல. ஆனால் உங்களுக்கும் எல்லாம் தெரியுமோ எண்டு ஒருக்காப் பார்ப்பமே?"

அப்படிக் கேட்டது துணிச்சல்தான். இருபது வயதில் எனக்கு அது நிறைய இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்பிடிப் பார்க்கிறது?"

காய்ச்சலோடு வந்த பன்னிரண்டு பேரிடம் இரண்டிரண்டு ஸ்லைட் எடுத்தோம். ஒன்று கிணற்றுத் தண்ணீரில், ஒன்று மழைத்தண்ணீரில். கனகம்மா அக்கா லேபிள்களின் மேல் தாள் ஒட்டி மறைத்து, பின்பக்கத்தில் தனக்கு மட்டும் தெரிந்த அடையாளம் போட்டு, எல்லாவற்றையும் கலந்து தந்தார். அந்த இரண்டு நாளும் ஆய்வுகூடத்தில் அவர்தான் பெரியவர். "அங்கால பாருங்கோ சேர், நான் கலக்கிறன்" என்று அதட்டினார்.

கிணற்றுத்தண்ணீர் ஸ்லைட்டுகளில் சேர் ஐந்து பேரைப் பிடித்தார். நான் இரண்டு பேரை. மழைத்தண்ணீர் ஸ்லைட்டுகளில் இருவரும் ஆறு ஆறு. நான் அவருக்கு முன்னமே முடித்துவிட்டேன்.

ஆறு. கிணற்றுத் தண்ணீரில் அவருக்கும் ஒரு ஆள் தப்பிவிட்டிருந்தது. சேர் அந்த ஸ்லைட்டைத் திரும்ப எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டில் வைத்தார். பென்சிலை எடுத்து அதன் மேல் வைத்தார். கூர் அவரைப் பார்த்தபடி இருந்தது.

நான் அழவில்லை. ஆனால் கனகம்மா அக்கா ஏனோ மூக்கைச் சீறினார்.

"இந்தத் தண்ணி விசயம் அங்க படிப்பிச்சவையோ?" என்று சேர் கேட்டார்.

"ஓம் சேர்."

"நீங்கள் படிச்சனீங்களோ?"

"முழுப் புள்ளியும் எடுத்தனான்."

அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முதல் கண்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்; சிரிக்காமல் என்ன செய்வது? பிறகு தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்து, தலைமை ஆய்வுகூடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளக் கடிதம் அடித்தார். முதல் வரியிலேயே என் முழுப் பெயர். அவரும் ஒரு ஆளைத் தவறவிட்டதை மறைக்கவில்லை, அதையும் எழுதினார்.

மூன்றாம் மாத உறை வந்தது. எனக்கு மூன்று பிழை. மூன்றும் கிணற்றுக் கயிறு அறுந்த திகதிக்கு முந்தியவை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதே உறைக்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. பிழை தண்ணீரில்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள்; என் நியமனம் உறுதி. காய்ச்சி வடித்த நீர் இனி ஒழுங்காக வரும். அடுத்த பயிற்சி வகுப்பில் ஒரு நாள் பாடம் எடுக்க நான் கொழும்புக்கு வர வேண்டும்.

அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆமினாவின் கதையையும் பிழைகளையும் சேர்த்தே சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அங்க படிச்சவைக்கு இப்ப நீ படிப்பிக்கப் போறியோ?" ஓம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பஸ்ஸில் ஏறியபோது வலைகாரர் ஒருவர் எழும்பி எனக்கு இடம் தந்தார்.

ஹனீபா நானா மருந்தோடு ஓடியதற்கு அடுத்த கிழமை வந்தபோது ஒரு சட்டி எருமைத் தயிரைச் சுமந்து வந்தார். "ஆமினாட புருசன் தந்தனுப்பினது. ஆமினா எழும்பி நடமாடுது. இவன் திரும்ப வயலுக்குப் போறான்" என்றார். இரண்டு மாதம் கழித்து அவளுக்குச் சுகப்பிரசவம் என்றும் அவர்தான் சொன்னார்.

கொழும்பு வகுப்பில் நான் பேசியது கொஞ்சம்தான். ஆமினாவின் இரண்டு ஸ்லைட்டையும் கொண்டுபோயிருந்தேன். முதலில் கிணற்றுத்தண்ணீர் ஸ்லைட். இருபது பேர் பார்த்தார்கள், இருபது பேரும் 'இல்லை' என்று எழுதினார்கள். பிறகு மழைத்தண்ணீர் ஸ்லைட். அறை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்த அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். படிப்பித்த பெரியவர்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பயிற்சி மாறியது. இரண்டு மாதம் கொழும்பில். மூன்றாம் மாதம் வெளிமாவட்ட ஆய்வுகூடங்களில். எங்களிடமும் அனுப்பினார்கள். என்னிடம் வருகிறவர்கள் சூட்கேசோடு ஒரு போத்தல் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவர வேண்டும். லிங்கநகர்ப் பிள்ளை ஒருத்தி அதைச் சோடாப் போத்தலில் கொண்டுவர, தாகத்தில் வந்த மற்றவள் குடித்துவிட்டு, "சீ, உவர்" என்று துப்பினாள். "அதை நாக்கு சொல்லிப் போட்டுது. இனித் தாள் என்ன சொல்லுதெண்டு பாருங்கோ" என்றேன். முதல் நாளே தங்கள் தங்கள் தண்ணீரில் ஸ்லைட்டைப் பழுதாக்கி, பழுதானதில் எப்படித் தேடுவது என்று சேரிடம் பழகுவார்கள். பிறகு தண்ணீரைச் சரியாக்கி, சரியானதில் எப்படித் தேடுவது என்று என்னிடம். புளியங்கொட்டைத் தகரம் எல்லாருக்கும் உண்டு. அதில் சேர்தான் வென்றார்; எழுதி வைக்கிறேன்.

பன்னிரண்டு வருடத்தில் பிழை என்று எனக்குத் திரும்பி வந்த ஸ்லைட்டுகள் அதற்குப் பிறகு மொத்தம் மூன்று. ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்று என்று சொல்வதே எனக்குப் பெருமை.

கடைசி நாள் மேசை லாச்சியை இழுத்துத் துப்புரவாக்கினேன். ஆமினாவின் இரண்டு ஸ்லைட்டும் மரப்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆசை. அந்த ஆறு பெண்களும் விடவில்லை. மூதூரிலிருந்து வந்த சித்தி என்ற பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், இது போனா அடுத்த வகுப்புக்கு நாங்க என்னத்தக் காட்டுற?"

சரிதான் என்று பெட்டியைக் கொடுத்தேன். அவள் கிணற்றுத்தண்ணீர் ஸ்லைட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்கலாம்: 'இல்லை – பி.'

"மிஸ், அடுத்த ஆக்கள் பாக்கிறத்துக்கு முதல் இந்த எழுத்தை அழிச்சு விடட்டா? ஒங்கட பேரெல்லா?"

நான் அவளிடமிருந்து ஸ்லைட்டை வாங்கினேன். சேரின் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தேன். மங்கிப்போன 'பி' யின் மேல், அதே கோட்டில், அழுத்தி இன்னொரு தரம் எழுதிவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.